ஐடியைத் தூக்கிவிட்டுப் பெயரை வைப்பதா, ஐடிக்குப் பக்கத்தில் பெயரை வைப்பதா?

கேள்வி: ஆர்டர் டேபிளை அப்படியே எக்ஸெல்லுக்கு எடுத்துக் கொடுத்தேன். வாடிக்கையாளர் என்ற இடத்தில் 4172, நிலை என்ற இடத்தில் 3, விற்றவர் என்ற இடத்தில் 58. "இதை வைத்து நாங்கள் என்ன செய்வது?" என்று கணக்குப் பிரிவில் திருப்பிவிட்டார்கள். ஃபாரின் கீ (வேறு டேபிளில் உள்ள ஒரு வரிசையைக் காட்டும் ஐடி) எல்லாவற்றையும் பெயராக மாற்றித் தர எளிய வழி உண்டா? ஐடியை வைத்து டேபிள்களை இணைக்கும் ஜாயின் போட்டுப் பார்த்தேன், பெயர் வருகிறது. ஆனால் டேபிளில் 12,480 வரிசை, ஷீட்டில் 11,902தான் இருக்கிறது.

2024 பிப்ரவரி 6, காலை

காணாமல் போன 578 வரிசையை முதலில் பிடியுங்கள், பெயரெல்லாம் அப்புறம். நீங்கள் போட்டது இன்னர் ஜாயின். இரண்டு பக்கமும் பொருந்துகிற வரிசையை மட்டும்தான் அது விட்டுவைக்கும். விற்றவர் ஐடி காலியாக இருக்கும் ஆர்டர் ஒவ்வொன்றும் அதில் சத்தமில்லாமல் விழுந்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஷீட்டும் பார்க்க அழகாகவே இருக்கும். லெஃப்ட் ஜாயினாக மாற்றுங்கள். ஆர்டர் டேபிள் இடது பக்கம், வாடிக்கையாளர், நிலை, விற்றவர் மூன்றும் ஒவ்வொன்றாக வலது பக்கம். பெயர் கிடைக்காத இடம் காலியாக வரும், வரிசை மட்டும் போகாது.

அப்புறம் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின் போடுவதற்கு முன்னால் ஒரு எண்ணிக்கை, போட்ட பின்னால் ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஷீட்டை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

2024 பிப்ரவரி 6, மாலை

"பதிவு செய்தவர், ஒப்புதல் கொடுத்தவர் இரண்டுமே ஊழியர் டேபிளைத்தான் காட்டுகின்றன, ஒரே ஜாயினில் இரண்டையும் எப்படி எடுப்பது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரே ஜாயினில் முடியாது. ஊழியர் டேபிளை இரண்டு தடவை ஜாயின் செய்து, இரண்டுக்கும் வேறு வேறு மாற்றுப்பெயர் கொடுக்க வேண்டும். ஷீட்டின் தலைப்பையும் "பதிவு செய்தவர் பெயர்", "ஒப்புதல் கொடுத்தவர் பெயர்" என்றே வையுங்கள். இரண்டு நெடுவரிசைக்கும் "பெயர்" என்றே தலைப்பு இருந்தால், வாங்குகிறவருக்கு எது யாருடையது என்று தெரியாது. சில எக்ஸ்போர்ட் நிரல்கள் இரண்டாவதை முதலாவதன் மேலேயே எழுதிவிடும்.

2024 பிப்ரவரி 7

ஐடி நெடுவரிசை எதற்கு, பெயர் வந்துவிட்டதே, அழித்துவிடலாமே என்று இரண்டு மூன்று பேர் சொல்கிறீர்கள். வேண்டாம். நான் இங்கே சொல்ல வந்ததே இதுதான். பெயர் ஐடிக்குப் பக்கத்தில் வர வேண்டும், ஐடியின் இடத்தில் வரக்கூடாது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஊழியர் பட்டியலை ஐடி இல்லாமல் எடுத்துப் பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். எண் இருந்தால் குழப்பம், பெயர் போதும் என்பது முடிவு. தொலைபேசி எண், முகவரி எல்லாம் சரிபார்க்கப்பட்டு, மஞ்சள் வண்ணம் அடிக்கப்பட்டு ஷீட் திரும்பி வந்தது. அதைத் திரும்ப டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும், பொருத்துவதற்குப் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒரே பிரிவில் ஒரே பெயரில் இரண்டு பேர். ஏற்றும் நிரல் பெயரைத் தேடியது, இரண்டு பேரையும் கண்டது, கடைசியாக இருந்த வரிசையின் முகவரியை இரண்டு பேருக்கும் எழுதிவிட்டது. ஒருவருக்குப் போக வேண்டிய கடிதம் இன்னொருவர் கைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பழைய முகவரியைத் தேடி எடுக்க காப்பு நகலைத் திறக்க வேண்டியதாயிற்று. ஐடி என்ற ஒரு ஒல்லி நெடுவரிசை இருந்திருந்தால் இது எதுவும் இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது பலர் யோசிக்காதது. பெயர் காலியாக வருவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஐடியே காலி என்றால் யாரையும் குறிக்கவில்லை, அது சரியான தகவல்தான். ஐடி 58 என்று இருந்து பெயர் காலி என்றால், 58 என்ற ஆள் டேபிளில் இல்லை, அது கோளாறு. ஃபாரின் கீ இருக்கும்போது அப்படி எப்படி ஆகும் என்று கேட்பீர்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய மைஐசாம் வகை டேபிள்கள் ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதே இல்லை. எஸ்கியூலைட் என்ற இன்னொரு டேட்டாபேஸில் அந்தச் சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும், ஒவ்வொரு இணைப்பிலும் நாமே இயக்க வேண்டும். ஆகவே அநாதை வரிசைகள் நிறைய இடத்தில் இருக்கின்றன. ஐடியும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒரு வடிகட்டி போட்டாலே அவை வெளியே வந்துவிடும். ஐடியை அழித்துவிட்டால் இரண்டு காலியும் ஒரே மாதிரிதான் தெரியும்.

2024 பிப்ரவரி 8

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். லெஃப்ட் ஜாயினாக மாற்றியும் 12,480 வரவில்லை, 12,311தான் வருகிறது என்கிறார். டேட்டாபேஸுக்குக் கொடுத்த கட்டளையான க்வெரியைக் காட்டினார், விஷயம் உடனே தெரிந்துவிட்டது. நீக்கப்பட்ட வாடிக்கையாளர் வரக்கூடாது என்ற நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில், அதாவது ஜாயின் முடிந்த பிறகு வரிசைகளை வடிகட்டும் இடத்தில் எழுதியிருக்கிறார். லெஃப்ட் ஜாயின் பாடுபட்டுக் காப்பாற்றிய வரிசையை வேர் வந்து வெட்டிவிடுகிறது, அது இன்னர் ஜாயின் போலவே ஆகிவிடும். வலது பக்க டேபிளைப் பற்றிய நிபந்தனை ஆன் (ON) பகுதியில், அதாவது எதை எதோடு பொருத்துவது என்று ஜாயினுக்குச் சொல்லும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒன்று கேட்கிறேன். நீக்கப்பட்ட வாடிக்கையாளரின் பெயர் ஏன் வரக்கூடாது? ஆர்டர் நடந்தது உண்மை. பெயரை எடுத்து, பக்கத்தில் "நீக்கப்பட்டவர்" என்று ஒரு நெடுவரிசை வைத்தால் கணக்குப் பிரிவுக்கு இன்னும் உதவியாக இருக்கும்.

2024 பிப்ரவரி 9

இப்போது எதிர்ப்பக்கம். வரிசை குறைவதைக் காட்டிலும் கூடுவது ஆபத்து, ஏனென்றால் கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை.

ஆர்டர் 901 என்று வைத்துக்கொள்வோம், தொகை 5,000. அதில் மூன்று பொருள், இரண்டு தவணையாகப் பணம் வந்திருக்கிறது. பொருள் பெயரும் வேண்டும், பணம் வந்த தேதியும் வேண்டும் என்று இரண்டு டேபிளையும் ஜாயின் செய்தால் 901 ஆறு வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் 5,000 இருக்கும். ஷீட்டின் அடியில் யாரோ கூட்டல் போடுவார்கள், 30,000 என்று வரும். ஒரு வரிசைகூடப் பொய் இல்லை, கூட்டுத்தொகை மட்டும் பொய்.

இதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. ஃபாரின் கீயிலிருந்து பிரைமரி கீயை (டேபிளில் ஒவ்வொரு வரிசைக்கும் உள்ள தனி ஐடியை) நோக்கி லெஃப்ட் ஜாயின் போனால் வரிசை கூடாது, குறையாது. ஆர்டரிலிருந்து வாடிக்கையாளருக்குப் போவது அந்தத் திசை. ஆர்டரிலிருந்து பொருள் வரிசைக்குப் போவது எதிர்த் திசை, அங்கே பெருகும். எதிர்த் திசையில் போக வேண்டியிருந்தால், அந்தப் பக்கத்தை முதலில் ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசையாகச் சுருக்கிவிட்டு, பிறகு ஜாயின் செய்யுங்கள். பொருள் பெயர்களைக் காற்புள்ளி போட்டு ஒரே கட்டத்தில் சேர்க்கலாம். அதற்கான கட்டளை போஸ்ட்கிரெஸில் ஸ்ட்ரிங் ஆக், எஸ்கியூஎல் சர்வரில் அதே பெயர் (2017 பதிப்பிலிருந்து), ஆரக்கிளில் லிஸ்ட் ஆக், மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூலைட்டிலும் குரூப் கான்கேட்.

பெருகின வரிசையை, ஒரே மாதிரி வரிசைகளை ஒன்றாக்கும் டிஸ்டிங்க்ட் போட்டு மறைக்காதீர்கள். ஒரே தேதியில் ஒரே தொகையில் இரண்டு தவணை வந்திருந்தால், உண்மையான ஒன்றையும் அது தின்றுவிடும்.

2024 பிப்ரவரி 9, இரவு

மேலே விட்டுப்போனது: மைஎஸ்கியூஎல்லின் குரூப் கான்கேட் இயல்பாக 1,024 பைட்டோடு வெட்டிவிடும், ஓர் எச்சரிக்கையைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் 3 பைட் பிடிக்கும், அதனால் தமிழ்ப் பெயராக இருந்தால் பத்து இருபது பேருக்குள்ளேயே எல்லை வந்துவிடும். அந்த எல்லையை உயர்த்திவிட்டு ஓட்டுங்கள். எக்ஸெல்லின் ஒரு கட்டத்துக்குள் 32,767 எழுத்துக்குறி வரைதான் கொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2024 பிப்ரவரி 12

"க்வெரி எழுதத் தெரியாதவர்களுக்கு ஒரு பொத்தான் இல்லையா?" இருக்கிறது, எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் லுக்கப் நெடுவரிசையாக (ஐடியை வைத்துக்கொண்டு பெயரைக் காட்டும் நெடுவரிசையாக) இருந்தால், எக்ஸெல்லுக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது வடிவமைப்போடு அனுப்பு என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள், பெயர் வரும். டிக் செய்யாவிட்டால் ஐடி எண்தான் வரும். இந்த ஒரு டிக் தெரியாமல் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸெல்லிலேயே இருக்கும் பவர் க்வெரி வழியாக டேட்டாபேஸை இணைத்தால், உறவுள்ள டேபிள்கள் கூடுதல் நெடுவரிசையாகத் தாமே வந்து நிற்கும். தலைப்பில் உள்ள விரிக்கும் குறியைத் தட்டி, பெயர் நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கட்டத்தில் "வேல்யூ" என்று இருந்தால் தைரியமாக விரிக்கலாம், "டேபிள்" என்று இருந்தால் அது எதிர்த் திசை, வரிசை பெருகும்.

எஸ்கியூலைட் கோப்பை டேட்டாசெட் (Datasette) என்ற கருவி வழியாகப் பார்ப்பவர்களுக்கு, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) எடுக்கும் இடத்திலேயே லேபிளை, அதாவது பெயரை, விரிக்கும் தேர்வு உண்டு. அது ஐடியையும் லேபிளையும் தனித்தனி நெடுவரிசையாகத் தருகிறது. எனக்கு அந்தக் கருவி பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்தப் பொத்தானாலும் தானாக முடிவெடுக்க முடியாத ஒன்று உண்டு: வலது பக்க டேபிளில் எந்த நெடுவரிசை "பெயர்"? பிஹெச்பி மைஅட்மினில் ஒவ்வொரு டேபிளுக்கும் காட்ட வேண்டிய நெடுவரிசையை நாமே குறித்துவைக்கலாம். ஜாங்கோவில் அந்த மாடலை (டேபிளைக் குறிக்கும் நிரல் பகுதியை) எழுத்தாகக் காட்டும் முறையை நாம் எழுதிவைக்கிறோம். குறித்துவைக்காவிட்டால் கருவி முதலில் கண்ணில் பட்ட எழுத்து நெடுவரிசையை எடுத்துக்கொள்ளக்கூடும், அது மின்னஞ்சல் முகவரியாகவும் இருக்கலாம். ஆர்டர் பட்டியல் கேட்டவருக்கு வாடிக்கையாளரின் மின்னஞ்சல் எதற்கு? பெயர் மட்டும் போகட்டும். ஷீட் ஒரு கை விட்டு ஒரு கை மாறிக்கொண்டே போகும், எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாது.

2024 பிப்ரவரி 15

வரிசை எண்ணிக்கை சரி, பெயரும் வந்துவிட்டது. இனி எக்ஸெல் செய்யும் வேலையைப் பார்ப்போம். எண்ணாக இருந்தவரை வராத சில தொல்லைகள் பெயர் வந்ததும் கூடவே வரும்.

சிஎஸ்வியைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் புரியாத குறிகளாக இருக்கின்றன என்று எழுதியவருக்கு: கோப்பு சரியாகத்தான் இருக்கிறது, எக்ஸெல் அதை யுடிஎஃப்-8 என்று புரிந்துகொள்ளவில்லை. கோப்பின் தொடக்கத்தில் பைட் ஆர்டர் மார்க் என்ற சிறு அடையாளம் இருந்தால் புரிந்துகொள்ளும். பைத்தானில் எழுதுகிறீர்கள் என்றால் என்கோடிங்கை யுடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். இல்லாவிட்டால் சிஎஸ்வியை விட்டுவிட்டு நேராக எக்ஸெல்லின் சொந்தக் கோப்பு வகையான எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே எழுதுங்கள், எனக்கு அதுதான் நிம்மதி.

பொருள் குறியீடு 00417 என்று இருந்தால் 417 ஆகிவிடும். 12E5 மாதிரி, எண்களுக்கு நடுவில் E என்ற ஆங்கில எழுத்து வரும் குறியீட்டை அடுக்குக்குறி எண் என்று நினைத்து 12,00,000 ஆக்கிவிடும். ஐடியே 15 இலக்கத்துக்கு மேல் நீளமாக இருந்தால் இன்னும் மோசம், எக்ஸெல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், மிச்சம் எல்லாம் சுழியம். ஐடியை வைத்துக்கொள்ளுங்கள் என்று 7ஆம் தேதி அவ்வளவு சொன்னேனே, நீளமான ஐடி என்றால் அதை எழுத்தாக வடிவமைத்து எழுதினால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். நுனியில் சுழியமான ஐடி வேறு யாருடைய வரிசையிலோ போய்ப் பொருந்தும், அதற்கு ஐடி இல்லாமலே இருக்கலாம்.

பாதுகாப்பு விஷயமும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தன் பெயரைத் தானே பதிவு செய்யும் இடங்களில், சமக்குறியோடு தொடங்கும் ஒரு "பெயரை" யாராவது போட்டு வைக்கலாம். டேட்டாபேஸில் அது வெறும் எழுத்து. சிஎஸ்வி வழியாக எக்ஸெல்லில் திறந்தால் அது ஃபார்முலா, அதன் மூலம் ஷீட்டில் உள்ளதை வெளியே அனுப்பவும் முடியும். சமக்குறி, கூட்டல், கழித்தல், அட் குறி இவற்றில் தொடங்கும் பெயர்களை எழுத்தாக்கிவிட்டு எழுதுங்கள். 4172 என்று எண் மட்டும் போனவரை இந்தக் கதவே இல்லை, பெயரைச் சேர்த்த நாளில்தான் திறக்கிறது.

2024 பிப்ரவரி 16

"எக்ஸெல் மேல் இவ்வளவு கோபம் ஏன்" என்று கேட்டவருக்கு. கோபம் இல்லை, தினமும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியது தெரியுமா? மார்ச்1, செப்ட்1 என்ற குறியீடுகளை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது, கடைசியில் மரபணுதான் மார்ச்எஃப்1, செப்டின்1 என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே 2020இல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுப் பதிவுகள் தினசரிக் கணக்கிலிருந்து விடுபட்டுப்போயின, பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடம் இல்லாததுதான் காரணம். தொற்று உள்ளவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது. இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576 வரிசை கொள்ளும். ஆனாலும் முன்னால் ஒரு எண்ணிக்கை, பின்னால் ஒரு எண்ணிக்கை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

2024 பிப்ரவரி 21

நிலை 3 என்றால் என்ன என்று எந்த டேபிளிலும் இல்லை, நிரலுக்குள்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார் கேள்வி கேட்டவர். இது நிறைய இடத்தில் உள்ளதுதான். க்வெரிக்குள் கேஸ் போட்டு 1 என்றால் இது, 2 என்றால் அது என்று எழுதலாம், அவசரத்துக்கு ஓடும். நிரல் எழுதியவர் 6 என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தால் உங்கள் கேஸுக்குத் தெரியாது, ஆகவே கடைசியில் "தெரியாத நிலை" என்று ஒரு எல்ஸ் கட்டாயம் வையுங்கள், காலியாக விடாதீர்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் நிலை என்று ஒரு சின்ன டேபிள் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஒரே ஐடி நெடுவரிசை சில வரிசையில் ஆர்டரையும் சில வரிசையில் வாடிக்கையாளரையும் காட்டுகிறது, வகை என்று இன்னொரு நெடுவரிசை இருக்கிறது என்பவருக்கு: வகைக்கு ஒரு லெஃப்ட் ஜாயின், வகை நிபந்தனை ஆன் பகுதியில், பிறகு கோலெஸ் போட்டு எது காலியில்லையோ அதை எடுங்கள். வகை நிபந்தனையை மறந்தால் ஆர்டர் 40க்குப் பக்கத்தில் 40ஆம் வாடிக்கையாளரின் பெயர் வந்து உட்காரும், பார்த்தால் சந்தேகமே வராது.

2024 மார்ச் 4

கொஞ்ச நாளாக ஒன்று உறுத்திக்கொண்டிருக்கிறது, அதை எழுதிவிடுகிறேன். ஜாயின் தருவது இன்றைய பெயர். ஆர்டர் நடந்தது மூன்று வருடத்துக்கு முன்னால். இடையில் வாடிக்கையாளர் நிறுவனம் பெயரை மாற்றியிருந்தால், பழைய பில்லில் ஒரு பெயர், இன்று எடுத்த ஷீட்டில் வேறு பெயர். விற்பனையாளர் வேறு கிளைக்கு மாறியிருந்தால் அவருடைய பழைய விற்பனை எல்லாம் புதிய கிளையின் கணக்கில் ஏறிவிடும். ஐடியாகவே இருந்தவரை இந்தக் கேள்வியே எழவில்லை, 58 எப்போதும் 58தான்.

எல்லா இடத்திலும் இது தவறு இல்லை. இன்று யாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும் என்பதற்காக எடுக்கும் பட்டியலில் இன்றைய பெயர்தான் வேண்டும். கணக்குத் தணிக்கைக்கு எடுக்கிற பட்டியலில் அன்றைய பெயர் வேண்டும், அது ஆர்டர் வரிசையிலேயே எழுதிவைக்கப்பட்டிருந்தால்தான் கிடைக்கும், ஜாயினால் வரவழைக்க முடியாது. அதனால் இப்போது ஷீட்டின் தலைப்பில் "வாடிக்கையாளர் பெயர் (எடுத்த நாளில்)" என்று எழுதி, எடுத்த தேதியையும் ஒரு நெடுவரிசையாகவே வைக்கிறேன். கோப்பின் பெயரில் தேதி போட்டால் போதாது, வரிசைகளை நகலெடுத்து வேறு ஷீட்டில் ஒட்டும்போது கோப்பின் பெயர் கூடப் போவதில்லை.

ஐடியை மறைத்து வைக்கலாமா என்று முன்பு ஒருவர் கேட்டதற்கும் இதே பதில்தான். மறைத்த நெடுவரிசை இருப்பது யாருக்கும் தெரியாது, தெரியாததை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். இடது ஓரத்தில், ஒல்லியாக, வெளிர் நிறத்தில் வையுங்கள். தொந்தரவாகவும் இருக்காது.

2024 மார்ச் 11

கணக்குப் பிரிவு இப்போது மாதாமாதம் கேட்கிறது, ஒவ்வொரு தடவையும் க்வெரியைத் தேடி எடுத்து ஓட்ட வேண்டியிருக்கிறது என்கிறார் கேள்வி கேட்டவர். அந்த க்வெரியை டேட்டாபேஸிலேயே ஒரு வியூவாக, அதாவது பெயர் வைத்துச் சேமித்த க்வெரியாகப் போட்டுவிடுங்கள். படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு பயனர் கணக்கு, அதற்கு அந்த வியூ மட்டும் தெரிந்தால் போதும். எக்ஸெல்லில் பவர் க்வெரி வழியாக அந்த வியூவை இணைத்துக் கொடுத்துவிட்டால் அவர்களே ரிஃப்ரெஷ் தட்டி எடுத்துக்கொள்வார்கள். வியூவின் பக்கத்தில் இரண்டாவதாக இன்னொரு சின்ன வியூ: டேபிளில் எத்தனை வரிசை, முதல் வியூவில் எத்தனை, இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு. அதை ஷீட்டின் முதல் தாளில் வையுங்கள். வித்தியாசம் சுழியமாக இல்லாத மாதம் கணக்குப் பிரிவே உங்களைக் கூப்பிடும்.